பழைய ரேஞ்ச் ரோவர்: சுங்கை சிப்புட்டில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருப்பது 1999ஆம் ஆண்டு பி38 ரேஞ்ச் ரோவர், 4.6 லிட்டர் வி8. பதினோரு வருடமாக வைத்திருக்கிறேன். சாப்பாட்டுக் கடை முன்னால் நிறுத்தினாலும் சரி, லிந்தாங் சாலையில் தோட்டப் பக்கம் போனாலும் சரி, யாராவது ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேள்வி கேட்பார். மலேசியாவில் எங்கள் பேராக் மாநிலத்து ஈப்போ, தாப்பா, கோலகங்சார் பக்கம் இதே வண்டி வைத்திருப்பவர்கள் போனிலும் கேட்கிறார்கள். முக்கால்வாசி அதே சந்தேகங்கள்தான். அவரவர் கேட்ட வார்த்தையிலேயே கேள்வியை வைத்து, எனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. என் வண்டியை நானே பார்த்துக்கொள்பவன்.

"அண்ணே, பி38ன்னா என்ன? எல்லாம் ரேஞ்ச் ரோவர்தானே?"

முதல் ரேஞ்ச் ரோவர் 1970இல் வந்தது, 1996 வரை ஓடியது. வட்ட விளக்கு உள்ள அந்த வண்டியைத்தான் இப்போது கிளாசிக் என்கிறோம். 1994இல் வந்த இரண்டாம் தலைமுறைதான் பி38ஏ. இங்கிலாந்தில் சோலிஹல் தொழிற்சாலையில் அதை உருவாக்கிய கட்டடத்தின் பெயரே வண்டிக்கும் நிலைத்துவிட்டது. இதற்குச் சதுர விளக்கு. 2002 வாக்கில் அடுத்த தலைமுறையான எல்322 வந்தது. பி38இல் 4.0, 4.6 லிட்டர் பெட்ரோல் வி8, 2.5 லிட்டர் பிஎம்டபிள்யூ டீசல் என மூன்று எஞ்சின்கள் உண்டு. இந்தப் பக்கத்தில் நான் சொல்வதெல்லாம் பெட்ரோல் வி8க்கு.

"இருபதாயிரம் வெள்ளிக்கு ஒண்ணு இருக்கு. புது மைவி கார் விலையில பாதிகூட இல்ல. எடுக்கலாமா?"

எடுக்கலாம், ஆனால் இரண்டு நிபந்தனை. ஒன்று, வீட்டில் வேலைக்குப் போக வேறு வண்டி இருக்க வேண்டும். இரண்டு, வாங்கும் விலை அளவுக்கு இன்னொரு தொகை கையில் இருக்க வேண்டும். முந்தைய சொந்தக்காரர் தள்ளிப்போட்ட வேலைகளெல்லாம் முதல் இரண்டு வருடத்தில் உங்களிடம் வந்து நிற்கும். கடன் வாங்கி இந்த வண்டியை எடுக்க வேண்டாம் என்று யாரிடமும் கண்டிப்பாகச் சொல்வேன்.

பார்க்கப் போகும்போது காலையில் போங்கள், எஞ்சின் சூடாவதற்கு முன்னால். பானட்டைத் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். ஏர்கோன் போட்டு அரை மணி நேரம் நின்றபடி ஓட விடுங்கள். அப்புறம் நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் அந்த மேட்டில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். கூலிங் சரியில்லாத வண்டி அங்கே காட்டிக்கொடுத்துவிடும். பெயர் மாற்றத்துக்கு பி5 என்னும் வாகனப் பரிசோதனை செய்தாக வேண்டும். ஆனால் அதில் தேறியதை வைத்து எஞ்சின் நல்ல எஞ்சின் என்று நினைத்துவிடக் கூடாது.

"ரோட் டெக்ஸ் பத்தாயிரம் வருமாமே, உண்மையா?"

இல்லை. அது செலூன் கார் கணக்கு. இந்த வண்டி செலூன் அல்லாத வகையில் வருகிறது. தீபகற்ப மலேசியாவில் அந்த வகைக்கு 3,000 சிசிக்கு மேல் போனால் 1,640 ரிங்கிட், அதற்கு மேலுள்ள ஒவ்வொரு சிசிக்கும் 1 ரிங்கிட் 60 சென். என் கிராண்டில், அதாவது வண்டிப் பதிவுச் சான்றில், 4,554 சிசி. கூட்டினால் 4,126 ரிங்கிட் சொச்சம். 4.0 எஞ்சினுக்குச் சுமார் 3,160. இதே அளவு எஞ்சின் செலூன் காரில் இருந்தால் 9,000 ரிங்கிட்டைத் தாண்டியிருக்கும். பத்தாயிரம் என்ற பேச்சு அங்கிருந்து வந்ததுதான்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது தொகையை முன்கூட்டியே பேசி முடிவு செய்யும் வகை கிடைக்குமா என்று கேளுங்கள். சந்தை விலை என்று விட்டுவிட்டால், சின்ன விபத்துக்கே வண்டியை மொத்த நஷ்டம் என்று எழுதிவிடக்கூடும்.

"எண்ணெய் ரொம்பக் குடிக்குமோ?"

குடிக்கும். டவுனுக்குள் 100 கிலோமீட்டருக்கு 18 முதல் 20 லிட்டர், நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் 14 லிட்டர் என்பது என் நோட்டுப் புத்தகக் கணக்கு. 95 ரகப் பெட்ரோல் போதும். டேங்க் 100 லிட்டர் பிடிக்கும்.

"ராத்திரி நிறுத்தினா காலைல படுத்துக்குது. என்ன வியாதி?"

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. இந்த வண்டியில் இரும்பு ஸ்பிரிங் கிடையாது. நான்கு சக்கரத்துக்கும் ரப்பர் காற்றுப் பை. கம்ப்ரசர் காற்றை ஒரு தொட்டியில் நிரப்பும்; வால்வு பெட்டி அதை வேண்டிய பைக்கு அனுப்பும். எங்கேயோ காற்று கசிகிறது என்பதுதான் வியாதி. கசிவு பெரிதானால் கணினி சஸ்பென்ஷனை முடக்கிவிட்டு, மணிக்கு 35 மைலுக்கு மேல் போகாதே, அதாவது 56 கிலோமீட்டர், என்று டேஷ்போர்டில் எழுதிக் காட்டும்.

எந்தப் பை என்று கண்டுபிடிக்க ஒரு சூட்சுமம் இருக்கிறது. வண்டியை நிறுத்திய பிறகும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கணினி விழித்து நான்கு மூலையையும் சமப்படுத்தும். ஒரு மூலை கசிந்தால் மற்ற மூன்றையும் அதோடு இறக்கிவிடும். அதனால் எல்லாப் பையும் போய்விட்டது என்று நினைத்து நாலையும் வாங்கியவர்கள் உண்டு. சீட்டுக்கு அடியில் உள்ள டிலே ரிலேயைக் கழற்றிவிட்டு, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப்பால் அளந்து சாக்பீஸால் எழுதி வையுங்கள். காலையில் மறுபடி அளந்தால் எது இறங்கியது என்று தெரிந்துவிடும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி, பையின் அடி மடிப்பில் அடியுங்கள். கசிகிற இடத்தில் கடுகு அளவு குமிழ் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும்.

என் அப்பா பல வருடம் பால்மரம் சீவியவர், பிறகு தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் ஷீட் பார்த்தவர். நான் முதல் தடவை பை மாற்றியபோது, கழற்றிய பழைய பையை வாங்கி, மடிப்பைக் கட்டை விரலால் அழுத்தி விரித்தார். வெளியே கறுப்பாக, முழுசாகத் தெரிந்த இடத்தில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. "கித்தாவுக்கு வெயிலும் ஆகாது, எண்ணெயும் ஆகாது, சும்மா கெடந்தாலும் ஆகாதுடா" என்றார். இந்த வண்டியைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் முக்கால் பங்கு அந்த ஒரு வரிதான். பை, ஓ-ரிங், ஹோஸ், பெல்ட், பீடிங் எல்லாமே ரப்பர். காலம் பார்த்து ரப்பரை மாற்றுகிறவரிடம் வண்டி ஓடுகிறது.

ஒரு எச்சரிக்கை: ஸ்டாண்டு போட்டுத் தாங்காமல் இந்த வண்டிக்கு அடியில் தலையை நீட்டவே நீட்டாதீர்கள். காற்று எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. இறங்கினால் இரண்டு டன்னுக்கு மேல் எடை.

"கம்ப்ரசர் நிக்காம ஓடுது. புதுசு வாங்கிடவா?"

பொறுங்கள். கம்ப்ரசர் நிற்காமல் ஓடுவது கசிவை ஈடுகட்டத்தான். முன் கேள்வியில் சொன்ன சோப்புத் தண்ணீர் வேலையை முதலில் செய்யுங்கள். கசிவை விட்டுவிட்டுப் புதுக் கம்ப்ரசர் போட்டால் அதுவும் ஓடி ஓடித் தேயும். பைகளில் குமிழ் இல்லையென்றால் வால்வு பெட்டிக்குள் இருக்கும் ஓ-ரிங்குகளைச் சந்தேகப்படுங்கள். அவற்றைச் செட்டாக விற்கிறார்கள். சுத்தமான மேசை, பொறுமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தால் வீட்டிலேயே மாற்றலாம்.

"காத்தைத் தூக்கிட்டு ஸ்பிரிங் போட்டா நிம்மதின்னு போமன் சொல்றாரு"

மெக்கானிக் சொல்வது பொய்யில்லை. ஸ்பிரிங் மாற்றும் கிட் கிடைக்கிறது, கசிவுத் தொல்லை அதோடு முடியும். ஆனால் வேகமெடுத்தால் தானே தாழ்ந்து, தோட்டத்துப் பள்ளத்தில் பட்டனை அழுத்தினால் உயர்ந்து, பாட்டி ஏறும்போது பணிந்து நிற்கிற வண்டி அதற்குப் பிறகு உங்களிடம் இருக்காது. பக்கத்து ஊரில்கூட காற்று சஸ்பென்ஷன் தெரிந்த ஆள் இல்லை, நீங்களும் கை வைக்க மாட்டீர்கள் என்றால் மாற்றுங்கள். ஒருநாள் செலவழிக்கத் தயார் என்றால் மாற்ற வேண்டாம். நான் மாற்றவில்லை.

"ஊசி நடுவுலதான் நிக்குது தம்பி, அப்புறம் ஏன் தண்ணி குறையுது?"

ஐயா, சூடு காட்டும் அந்த ஊசியை நம்பாதீர்கள். ஓரளவு சூடு கூடினாலும் குறைந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள். அது நகரத் தொடங்கும்போது நிலைமை கைமீறிப் போயிருக்கும். வண்டிக் கணினியோடு இணைக்கும் பழுது கண்டறியும் கருவியில் உண்மையான டிகிரி தெரியும். சின்னதாக ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ரேடியேட்டர் தண்ணீர், அதாவது கூலண்ட், குறைந்தால் அது எங்கேயோ போகிறது என்று பொருள். ஹோஸ் முனைகளில் வெள்ளை உப்பு படிந்திருக்கிறதா, ரேடியேட்டரின் பிளாஸ்டிக் ஓரத்தில் ஈரம் இருக்கிறதா, வாட்டர் பம்ப் அடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள். வெளியே எங்கும் கசிவு இல்லை, ஆனாலும் குறைகிறது என்றால் பயப்பட வேண்டியதுதான். இந்த எஞ்சின் பிளாக் அலுமினியம். சிலிண்டருக்குள் லைனர் என்னும் இரும்பு உறை இறுக்கியிருக்கும். அதிகச் சூடு கண்டால் லைனருக்குப் பின்னால் அலுமினியம் வெடித்து, கூலண்ட் சிலிண்டருக்குள் போய் ஆவியாகிவிடும். லைனர் தளர்ந்து டிக் டிக் என்று தட்டவும் தட்டும். மேலே விளிம்பு வைத்த லைனர் போட்டு அதைச் சரி செய்யலாம், ஆனால் அது எஞ்சினை முழுவதும் இறக்கிச் செய்யும் பெரிய வேலை.

நம் ஊரில் இந்த எஞ்சின்களைக் கெடுப்பது பைப்புத் தண்ணீர். இங்கே பனி இல்லையே, கூலண்ட் எதற்கு என்று கேட்கிறார்கள். உறையாமல் இருக்க மட்டும் அல்ல கூலண்ட். அலுமினியம் அரிக்காமல் இருக்கவும், கொதிநிலையைக் கூட்டவும் அதுதான். பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

"ஹீட்டர் போடறதே இல்லையே அண்ணே, அதுல என்ன கெடும்?"

நாம் போடுவதில்லை, ஆனால் கூலண்ட் எப்போதும் ஹீட்டர் வழியாகத்தான் சுற்றுகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் குழாய்கள் சேரும் இடத்தில் இரண்டு ஓ-ரிங். வருடக்கணக்கில் சூட்டில் வெந்து தட்டையாகிவிடும். ஏர்கோன் காற்றில் லேசான இனிப்பு வாசனை, உள்ளே கண்ணாடியில் பிசுக்கு, முன்பக்கக் கார்ப்பெட்டில் ஈரம் என்றால் அதுதான்.

நான் இதில் அடிபட்டிருக்கிறேன். வாசனை வந்தது, ஏதோ சிந்தியிருக்கும் என்று மூன்று வாரம் விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக ஏறிய என் மனைவிதான் காலடியில் கார்ப்பெட் சொதசொதவென்று இருப்பதைச் சொன்னாள். கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் பஞ்சு முழுக்கப் பச்சைத் தண்ணீர். முன் சீட்டுக்கு அடியில்தான் பிஇசிஎம் என்னும் மின் மூளைப் பெட்டி இருக்கிறது. அது நனையாமல் தப்பியது என் நல்ல நேரம். இரண்டு ஓ-ரிங்கின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

"ஏர்கோன்ல ஒரு பக்கம் குளிரு, ஒரு பக்கம் சூடு. புத்தகம் மாதிரி ஒரு படமும் வருது"

அந்தப் புத்தகப் படம் வந்தால் ஏர்கோன் அமைப்பு ஏதோ பழுதைக் கண்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் காற்றுத் தடுப்பைத் திருப்பும் சின்ன மோட்டார் சிக்கியிருக்கும். மேலே சொன்ன ஹீட்டர் எப்போதும் சூடாக இருப்பதால், தடுப்பு திறந்தபடி சிக்கினால் அந்தப் பக்கம் சூடான காற்றுதான். கேஸ் நிரப்பினால் தீராது.

"மூணு நாள் ஓட்டலன்னா பேட்டரி செத்துடுது. சாவியும் கேக்க மாட்டேங்குது"

சாவியின் ரிமோட் அலையைப் பிடிக்கும் ரிசீவர் பழைய மாடல்களில் அக்கம்பக்கத்து அலைகளுக்கெல்லாம் விழித்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் பிஇசிஎம்மையும் எழுப்பும். இப்படியே பேட்டரி தீர்ந்துவிடும். திருத்திய ரிசீவர் இருக்கிறது, அதை மாற்றுவதுதான் தீர்வு.

பேட்டரி செத்தால் சாவிக்கும் வண்டிக்கும் தொடர்பு அறுந்து, எஞ்சின் பூட்டிக்கொள்ளும். அப்போது ஓட்டுநர் கதவில் சாவியை எண்ணி எண்ணித் திருப்பி நான்கு இலக்க அவசரக் குறியீட்டைப் போட வேண்டும். வண்டி வாங்கும் அன்றே அந்தக் குறியீட்டைக் கேட்டு வாங்குங்கள். என்னுடையது வீட்டில் சாமி மேடைக்குக் கீழே டப்பாவில் இருக்கிறது, இன்னொரு தாள் மனைவியின் கைப்பையில்.

"சூடானதும் நின்னுடுது, அரை மணி கழிச்சு ஸ்டார்ட் ஆயிடுது"

பெட்ரோல் பம்ப் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், எஞ்சின் சுழல்வதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சரைப் பாருங்கள். சூட்டில் செத்து, ஆறியதும் பிழைப்பது அதன் குணம்.

"பிரேக் மிதிக்கும்போதெல்லாம் முன்னாடி மோட்டார் சத்தம் கேக்குது. சாதாரணம்தானே?"

ஒவ்வொரு மிதிக்கும் கேட்டால் சாதாரணம் இல்லை. மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு இதை முதலில் பாருங்கள். மற்ற கார்களில் உள்ள வேக்கம் பூஸ்டர் இதில் இல்லை; மின் பம்ப் பிரேக் எண்ணெயை அழுத்தி, நைட்ரஜன் அடைத்த ஒரு குண்டில் சேர்த்து வைக்கிறது. அந்தக் குண்டு நல்ல நிலையில் இருந்தால் நாலைந்து மிதிக்குப் பிறகுதான் பம்ப் ஓடும். ஒவ்வொரு மிதிக்கும் ஓடினால் குண்டில் நைட்ரஜன் போய்விட்டது. பம்ப்பும் நின்றுபோனால் பிரேக்கில் பழைய பலம் இருக்காது, காலால் முழு மூச்சாக மிதித்தாலும். கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் சாலையை நினைத்துப் பாருங்கள். கழற்றுவதற்கு முன்னால் சாவியை அணைத்து முப்பது தடவை பிரேக்கை மிதித்து அழுத்தத்தை இறக்க வேண்டும்.

"வீடு செம்பனைக்குப் பக்கத்துல. எலி ஒயரைக் கடிச்சுடுது"

எனக்கும் நடந்தது. வண்டியை வாரத்தில் இரண்டு தடவையாவது எடுங்கள், அதுதான் முதல் மருந்து. ராத்திரி பானட்டைத் திறந்து வைத்து உள்ளே ஒரு விளக்கு போடுவது நன்றாகவே வேலை செய்கிறது. சன்ரூஃப் வடிகால் துளைகளையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெல்லிய நைலான் கயிறு விட்டுச் சுத்தம் செய்யுங்கள். நம் ஊர்ச் சாயங்கால மழைக்குத் துளை அடைத்தால் தண்ணீர் காலடியில் நிற்கும். முன்னால் சொன்ன பிஇசிஎம் அங்கேதான் இருக்கிறது.

"ஹாஃப்கட் கடையில எதை வாங்கலாம்?"

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் அந்தக் கடையில் கண்ணாடி, கதவு, சீட், விளக்கு, மரப் பலகை எல்லாம் தாராளமாக வாங்குங்கள். ரப்பர் எதையும் வாங்காதீர்கள். சென்சரும் புதிது வாங்குவதே நல்லது. பிஇசிஎம் பெட்டியை வாங்கி மாட்டினால் வேலை செய்யாது. அது எஞ்சின் கணினியோடும் சாவியோடும் கட்டப்பட்டது. எஞ்சினையே வாங்கினால் எண் மாறும், ஜேபிஜே என்னும் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் முறையாகப் பதிய வேண்டும்.

"டோ லோரிக்காரன் முன் சக்கரத்தைத் தூக்கி இழுத்துட்டுப் போறேங்கிறான். விடலாமா?"

விடாதீர்கள். நான்கு சக்கரமும் எப்போதும் இணைந்தே சுழலும் வண்டி இது. இரண்டைத் தூக்கி இரண்டை உருட்டினால் முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் பெட்டி வெந்துவிடும். முழு வண்டியையும் மேலே ஏற்றும் தட்டு லோரிதான் வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். இதே காரணத்துக்காகத்தான் டயரையும் நான்காக மாற்றச் சொல்கிறேன்.

"இவ்வளவு பாடுக்கு லேண்ட் குரூசரே வாங்கிடலாமே?"

உள்காட்டுக்குத் தினமும் போகிற வேலை என்றால் வாங்குங்கள், நல்ல வண்டி. பழையதன் விலை கூடுதல், கெடுவது குறைவு. 4.7 எஞ்சின் என்றால் டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். ரேஞ்ச் ரோவரை விரும்பி மட்டுமே வைத்திருக்க முடியும். லாபம் பார்த்து வாங்கியவர்கள் ஒரு வருடத்துக்குள் விற்றுவிட்டார்கள்.

"அப்பா இறந்து ஒரு வருஷமாச்சு. அவரோட பி38 ஷெட்ல அப்படியே நிக்குது. எப்படி ஸ்டார்ட் பண்றது அண்ணே?"

முதலில் வண்டியின் பத்திரத்தைப் பாருங்கள். கிராண்ட் அப்பா பெயரில் இருந்தால், வாரிசு அனுமதி வாங்காமல் பெயர் மாற்ற முடியாது. இறந்தவர் சொத்து விவகாரங்களைப் பார்க்கும் அமானா ராயா நிறுவனத்தில் கேளுங்கள். ரோட் டெக்ஸ் இல்லாமல் சாலைக்குக் கொண்டுவர வேண்டாம்.

வண்டி தரையோடு படுத்திருக்கும், பயப்படாதீர்கள். பானட்டைத் திறந்து எலிக் கூடு, கடித்த ஒயர் பாருங்கள். பழைய பெட்ரோலை இறக்குங்கள், எஞ்சின் ஆயிலை மாற்றுங்கள், கூலண்ட் அளவைப் பாருங்கள். புது பேட்டரி மாட்டுங்கள். சாவி வேலை செய்யாது, மேலே சொன்ன நான்கு இலக்கக் குறியீடு அப்பாவின் பழைய காகிதங்களில் இருக்கிறதா தேடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் கியரைப் பார்க்கில் வைத்து ஆக்சிலேட்டரை அழுத்தி உறுமவிடாதீர்கள், அந்த கியர்பாக்ஸின் உள் கிளட்ச் அதில்தான் கருகும். தானே ஓடட்டும். காற்று நிரம்பி வண்டி மெல்ல எழுந்து நிற்கும். பத்து நிமிடம்கூட ஆகலாம். எழுந்த பிறகு ஷெட்டிலேயே முன்னும் பின்னும் நாலடி நகர்த்தி, பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

அன்று ராத்திரி அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் சிவப்பாகச் சொட்டியிருந்தால் கியர்பாக்ஸ் அல்லது பவர் ஸ்டீயரிங், பழுப்பு என்றால் எஞ்சின் ஆயில், பச்சை என்றால் கூலண்ட், நிறமில்லை என்றால் ஏர்கோன் தண்ணீர். அட்டையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், எந்த வேலையை முதலில் தொடுவது என்று சேர்ந்து பார்ப்போம்.